கோச் நாற்காலிக்கு எந்தப் பக்கம் வாசல்? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு தொழில்வழி

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு இதுவரை எட்டே எட்டுப் பேர்தான் தலைமைப் பயிற்சியாளராக இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் வென்றதைவிட அதிகமாகத் தோற்றார். 55 வெற்றி, 60 தோல்வி. அவர் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கூடைப்பந்து என்ற விளையாட்டையே கண்டுபிடித்தவர்!

1891-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், பனிக்காலத்தில் வெளியே ஓடியாட முடியாமல் உள்ளே அடைந்து கிடந்த மாணவர்களுக்காக, மாடிக் கைப்பிடியில் இரண்டு பழக்கூடைகளை மாட்டி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர் அவர். 1898-ல் கன்சாஸுக்கு வந்தார். இந்த ஆட்டம் அவருக்கு உடற்பயிற்சி, அவ்வளவுதான். அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் என்ற இளைஞர், தனக்கு வேறொரு கல்லூரியில் பயிற்சியாளர் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னபோது, “கூடைப்பந்தை ஆடத்தான் முடியும், அதற்கெல்லாம் பயிற்சி கொடுக்க முடியாதே” என்று நெய்ஸ்மித் சிரித்ததாக ஒரு கதை சொல்வார்கள். அந்த ஆலன்தான் பின்னாளில் கன்சாஸில் 39 சீசன்கள் பயிற்சியாளராக இருந்தார். இன்று கன்சாஸ் அணி ஆடும் அரங்கத்துக்கு அவர் பெயர். நெய்ஸ்மித் பெயர் பக்கத்துத் தெருவுக்கு.

பயிற்சி கொடுக்க எதுவுமில்லை என்று கண்டுபிடித்தவரே நினைத்த ஆட்டத்தில், இன்று பயிற்சியாளருக்கு ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஆளுநரோ தலைமை மருத்துவரோ அல்லர். அரசுப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான். அந்த நாற்காலிக்கு ஒருவர் எப்படிப் போய்ச் சேருகிறார் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் களத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் மண்டலப் போட்டி, ஒரு கோப்பை, மறுநாள் நாளிதழில் இரண்டு வரி. அங்கே அது பெரும் தொழில். என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்து நடத்துகிறது. உச்சியில் இருக்கும் முதல் பிரிவில் மட்டும் ஆண்கள் அணிகள் 360-க்கு மேல். நவம்பரில் சீசன் தொடங்கும். மார்ச்சில் 68 அணிகள் மோதும் தேசியப் போட்டி. ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இறுதி ஆட்டம் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு திங்கள் இரவு. நமக்கு அது செவ்வாய்க்கிழமை காலைக் காப்பி நேரம்.

ஆக, முதல் பிரிவு ஆண்கள் கூடைப்பந்தில் இருப்பது சுமார் 360 நாற்காலிகள். உட்கார ஆசைப்படுகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

ஐ.பி.எல். பார்த்துப் பழகிய நமக்கு இந்த வேலையின் முக்கால் பங்கு கண்ணுக்குத் தெரியாது. ஐ.பி.எல்.லில் உரிமையாளர் ஏலத்தில் வீரரை வாங்குகிறார், பயிற்சியாளர் வழிநடத்துகிறார். கல்லூரியில் ஏலம் கிடையாது. பதினாறு, பதினேழு வயதுப் பையனை எங்கோ ஒரு பள்ளி மைதானத்தில் கண்டுபிடித்து, அவன் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்து, “உங்கள் பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள்” என்று அவன் அம்மாவிடம் பேசிச் சம்மதம் வாங்க வேண்டியது பயிற்சியாளரின் பொறுப்பு. பெண் பார்க்கப் போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே நாளில் இன்னும் நாலு வீட்டார் வந்து போயிருப்பார்கள். அப்படிச் சேர்த்த பையனும் அதிகம் போனால் நாலைந்து ஆண்டுகள்தான் இருப்பான். ஆண்டுதோறும் அணி பாதி கரைந்துவிடும், மறுபடி கட்ட வேண்டும். அதனால் ஆட்ட நுணுக்கம் தெரிந்தவர் என்பதற்காக மட்டும் யாரையும் இந்த நாற்காலியில் உட்காரவைப்பதில்லை.

இனி, ஏணியின் அடிப்படிக்கு வருவோம்.

பெரிய ஆட்டக்காரராக இருந்தவர்தான் பயிற்சியாளர் ஆக முடியும் என்று நினைத்தால் அது தவறு. டஸ்டி மே என்பவர் 1990-களின் பிற்பாதியில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பாப் நைட் என்ற புகழ்பெற்ற, முன்கோபத்துக்கும் பேர்போன பயிற்சியாளரிடம் மாணவ மேலாளராக இருந்தார். மேலாளர் என்ற பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. வேலை என்னவென்றால், வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தை எடுத்து எறிவது, தரையில் சிந்திய வியர்வையைத் துடைப்பது, துண்டும் தண்ணீரும் கொடுப்பது, துவைத்த உடுப்பை அடுக்குவது. அணிக்காக அவர் ஆடியதே இல்லை. 2018-ல் ஃபுளோரிடா அட்லாண்டிக் என்ற, அதிகம் பேர் கேள்விப்படாத கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2023-ல் அந்த அணியை நாட்டின் கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டுவந்தார். அரையிறுதியில் கடைசி நொடியில் விழுந்த ஒரு பந்தால் 72-71 என்று தோற்றார். ஓராண்டு கழித்து மிச்சிகன் அவரை அழைத்துக்கொண்டது.

மாணவப் பருவம் முடிந்ததும் அடுத்த படி, ‘கிராஜுவேட் அசிஸ்டன்ட்’. முதுகலை வகுப்பில் சேர்ந்துகொண்டே அணிக்கு உழைக்கும் பதவி. இன்னொன்று வீடியோ ஒருங்கிணைப்பாளர்: எதிரணியின் ஆட்டப் பதிவுகளை விடிய விடியப் பார்த்துத் துண்டு துண்டாக வெட்டித் தருபவர். மூன்றாவது, செயல்பாட்டு இயக்குநர். விமான டிக்கெட், ஓட்டல் அறை, சாப்பாடு எல்லாம் அவர் தலையில். மூன்றிலும் காசு பெரிதாக வராது. ஆனால் அந்த அறைக்குள் இருக்கலாம், பெரியவர் பேசுவதைக் கேட்கலாம்.

பிராட் ஸ்டீவன்ஸ் கதை இதற்கு நல்ல உதாரணம். எலை லில்லி என்ற பெரிய மருந்து நிறுவனத்தில் நிரந்தர வேலையில் இருந்தவர், 2000-ல் அதை உதறிவிட்டு இந்தியானாபொலிஸ் நகரின் பட்லர் பல்கலைக்கழக அணியில் சம்பளமில்லாத் தொண்டராகச் சேர்ந்தார். நம் வீட்டில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே என்று ஓர் உணவகத்தில் வேலைக்குச் சேரும் நிலை. அதற்குள் பட்லரிலேயே ஓர் இடம் காலியாகித் தப்பித்தார். 2007-ல், முப்பது வயதில், தலைமைப் பயிற்சியாளர். 2010-லும் 2011-லும் அந்தச் சிறிய கல்லூரி தேசிய இறுதிப் போட்டிக்குப் போனது. 2010 இறுதியில் டியூக் பல்கலைக்கழகத்திடம் 61-59 என்று தோல்வி. கடைசி நொடியில் மைதானத்தின் நடுவிலிருந்து கார்டன் ஹேவர்ட் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டு அங்குலம் உள்ளே விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையில் ஸ்டீவன்ஸ் பற்றி மட்டுமே எழுதியிருப்பேன்.

அடுத்த படி உதவிப் பயிற்சியாளர். தொழிலின் இதயம் இதுதான் என்பது என் கருத்து. இங்கே இரண்டு வேலைகள். ஒன்று, மேலே சொன்ன ஆள் சேர்ப்பு. நாடு முழுக்கப் பள்ளி ஆட்டங்களையும் கோடைக்காலப் போட்டிகளையும் சுற்றிப் பார்த்து, பையன்களோடும் அவர்களின் பள்ளிப் பயிற்சியாளர்களோடும் ஆண்டுக்கணக்கில் உறவு வைத்துக்கொள்வது. இன்னொன்று ‘ஸ்கவுட்’. சீசனில் முப்பதுக்கு மேல் ஆட்டங்கள். எதிரணிகளை உதவியாளர்கள் ஆளுக்குச் சிலவாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஓர் அணி ஒருவர் பங்கில் வந்தால், அதன் பழைய ஆட்டங்களை எல்லாம் பார்த்து, எந்த ஆட்டக்காரர் இடப்பக்கம் திரும்பத் திணறுவார், எந்தச் சைகைக்கு எந்த ஆட்டமுறை என்பதை வீரர்களுக்கு இரண்டு பக்கத்தில் புரியவைக்க வேண்டும்.

வெளியூர் ஆட்டத்தின்போது இதை ஒரு வேடிக்கையான இடத்தில் பார்க்கலாம். ஓட்டலில் கல்யாண வரவேற்பு நடக்கும் பெரிய கூடம். நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கம்பளத்தின்மேல் ஒட்டுநாடாவால் மைதானக் கோடு போட்டிருப்பார்கள். வளையம் இருக்காது. ஆறே முக்கால் அடிப் பையன்கள் செருப்போடு நடந்து நடந்து எதிரணியின் அசைவுகளை ஒத்திகை பார்ப்பார்கள். நடுவில் கையில் தாளோடு நிற்பவர் அன்றைய ஸ்கவுட்டுக்குப் பொறுப்பான உதவியாளர். மறுநாள் அந்த அசைவு அப்படியே நடந்து, நம் பையன் குறுக்கே புகுந்து பந்தைப் பறித்துவிட்டால், தொலைக்காட்சியில் தலைமைப் பயிற்சியாளரின் முகத்தைக் காட்டுவார்கள்.

ராய் வில்லியம்ஸ் 1978-ல் பள்ளிப் பயிற்சியாளர் வேலையை விட்டுவிட்டு, வட கரோலினா பல்கலைக்கழகத்தில் டீன் ஸ்மித்திடம் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்தபோது ஆண்டுச் சம்பளம் 2,700 டாலர். அது போதாமல், அணியின் படம் போட்ட நாள்காட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு மாநிலம் முழுக்கக் கடை கடையாக விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்மித்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒளிநாடாக்களை நிலையங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பத்து ஆண்டுகள். 1988-ல் கன்சாஸ் காலியானபோது, கல்லூரி அளவில் ஒரு நாள்கூடத் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத அவரை நேராக அழைத்துப் போனார்கள்.

ஏன்? டீன் ஸ்மித் கன்சாஸில் படித்து, 1952-ல் சாம்பியன் ஆன அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்தவர். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ஃபாக் ஆலன். ஆலனுக்கு நெய்ஸ்மித். ஸ்மித் சொன்ன ஒரு சொல் வில்லியம்ஸுக்கு வேலையானது.

நம் கர்நாடக இசைக் கச்சேரி விளம்பரங்களில் பாடகர் பெயருக்குக் கீழே “இன்னாரின் சிஷ்யர்” என்று போடுவார்களே, அதே வழக்கம்தான். அங்கே இதைப் ‘பயிற்சியாளர் மரம்’ என்பார்கள். ஒரு நாற்காலி காலியானால் கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர் முதலில் கேட்பது, “யாரிடம் இருந்தவர்?” என்பதுதான். இன்றைய கன்சாஸ் பயிற்சியாளர் பில் செல்ஃப் கல்லூரி மாணவராக இருந்தபோது, ஒரு கோடையில் கன்சாஸின் பயிற்சி முகாமில் முழங்காலில் அடிபட்டார். அப்போதைய பயிற்சியாளர் லாரி பிரவுன் வந்து, “என்னால் ஏதாவது ஆகுமென்றால் சொல்” என்று ஒப்புக்குச் சொன்னார். இவர், “அடுத்த ஆண்டு என்னை உதவியாளராக வைத்துக்கொள்ளுங்கள்” என்று பிடித்துக்கொண்டார். லாரி பிரவுனும் டீன் ஸ்மித்திடம் ஆடியவர்தான். நொண்டிக்கொண்டு நின்றபடியே பையன் மரத்தில் ஏறிவிட்டான்.

முதல் தலைமைப் பதவி பெரும்பாலும் சின்ன ஊரில், சின்னக் கல்லூரியில், தோற்றுக்கொண்டிருக்கும் அணியோடு கிடைக்கும். செல்ஃப் 1993-ல் ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். முதல் சீசனில் 6 வெற்றி, 21 தோல்வி. பிறகு டல்சா, இல்லினாய், 2003-ல் கன்சாஸ். 2008-லும் 2022-லும் சாம்பியன். இந்த வரிசையைக் கவனியுங்கள்: மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே. வழக்கமான பாதை இதுதான். பள்ளியிலிருந்து நேராக மேலே ஏறியவர்களும் உண்டு. டான் ஹர்லி நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் நகரில் ஒன்பது ஆண்டுகள் பள்ளி அணியைப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து வாக்னர், ரோட் ஐலண்ட், கனெடிகட் என்று போய், 2023, 2024 இரண்டு ஆண்டும் சாம்பியன் ஆனார்.

ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தாவும் காலம் மார்ச் கடைசியும் ஏப்ரலும். சின்னக் கல்லூரி ஒன்று தேசியப் போட்டியில் பெரிய அணியைச் சாய்த்துவிட்டால், அன்றிரவே அதன் பயிற்சியாளரின் முகவருக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். அவருடைய ஒப்பந்தத்தில் பாக்கி ஆண்டுகள் இருந்தால், அழைக்கும் கல்லூரி ஒப்பந்த முறிவுத் தொகை கட்டி மீட்டுக்கொண்டு போகும். பதவிநீக்கம் செய்தாலும் அதே கதை, கல்லூரி பாக்கிப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். வேலை செய்யாமல் இருப்பதற்காக மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்குபவர்களை இந்தத் தொழிலில் சாதாரணமாகப் பார்க்கலாம். பாவம், அவரோடு வேலை இழக்கும் உதவியாளர்களுக்கு அந்த வசதி அவ்வளவாக இல்லை. பள்ளி நடுவில் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள் அவர்களுடையவை.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு? டீன் ஸ்மித் 1965-ல் ஒரு தோல்விக்குப் பின் பஸ்ஸில் திரும்பி வந்தபோது, மாணவர்கள் அவருடைய கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். அணி வீரர் பில்லி கன்னிங்ஹாம் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிப்போய் அதைப் பிய்த்து எறிந்தார். ஸ்மித் 1997 வரை இருந்தார், 879 வெற்றிகள். இன்று அந்த வளாகத்தின் பெரிய அரங்கத்துக்கு அவர் பெயர்தான். பக்கத்து டியூக்கில் மைக் ஷிஷெஃப்ஸ்கி (பெயரைச் சொல்ல முடியாமல் எல்லோரும் ‘கோச் கே’ என்றே கூப்பிட்டார்கள்) முதல் மூன்று சீசன்களில் 38 வென்று 47 தோற்றார். 1983-ல் வர்ஜீனியாவிடம் 109-66 என்று அடிவாங்கிய இரவில், உடனிருந்த ஒருவர் கோப்பையைத் தூக்கி, “இன்றிரவை மறந்துவிடுவோம்” என்றார். இவர், “இல்லை, ஒருபோதும் மறக்காமல் இருப்போம்” என்று திருத்தினாராம். கல்லூரி அவரை நீக்கவில்லை. 2022-ல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் ஐந்து தேசியப் பட்டங்கள், 1,202 வெற்றிகள். இன்று இருப்பதுபோல் பொறுமையில்லாத நிர்வாகம் அன்று இருந்திருந்தால் இருவரையும் நான்காம் ஆண்டிலேயே அனுப்பியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெண்கள் அணிகளின் பக்கம் ஏணி வேறு விதமாகத் தொடங்கியது, ஏணியே இல்லாமல். பேட் சம்மிட் 1974-ல் டென்னசி பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தபடி உதவியாளராக இருக்கத்தான் வந்தார். இருந்த பயிற்சியாளர் போய்விட, 22 வயதில் இவரையே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்கள். வீராங்கனைகள் சிலருக்கும் அவருக்கும் ஓரிரு வயதுதான் வித்தியாசம். மாதம் 250 டாலர். அணியின் வண்டியை அவரே ஓட்டினார், உடுப்புகளை அவரே துவைத்தார். அந்த உடுப்புகளும் முந்தைய ஆண்டு டோனட் விற்ற காசில் வாங்கியவை. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1972-ல் வந்திருந்தாலும், பணம் வந்து சேர வெகுகாலம் ஆனது. 2012-ல் அவர் விடைபெறும்போது எட்டுப் பட்டங்கள், 1,098 வெற்றிகள். அடுத்த தலைமுறையில் டான் ஸ்டேலி, தொழில்முறை ஆட்டக்காரராக இருந்துகொண்டே 2000-ல் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரும் ஆனார். 2008-ல் தென் கரோலினாவுக்குப் போனார். 2023-24 சீசனில் அவர் அணி ஆடிய 38 ஆட்டங்களிலும் வென்றது.

கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் விதிகள் தலைகீழாகிவிட்டன. முன்பெல்லாம் ஒரு வீரர் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் அந்தத் தடை தளர்ந்தது, பிறகு அறவே போனது. அதே ஆண்டு ஜூலை முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025-ல் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டாலர் உச்சவரம்பு. விளைவு: மூன்று ஆண்டு பார்த்துப் பார்த்து வளர்த்த பையன் ஏப்ரலில் வேறு கல்லூரிக்குப் போய்விடுவான். அம்மாவோடு காப்பி குடித்துப் பேசிய காலம் போய், முகவரோடு தொகை பேசும் காலம். பொது மேலாளர் என்ற புதிய பதவியைப் பல கல்லூரிகள் உருவாக்கிவிட்டன.

இது பிடிக்காமல் விலகியவர்களும் உண்டு. வர்ஜீனியாவின் டோனி பென்னெட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்க மூன்றே வாரம் இருக்கும்போது, இந்தப் புதிய சூழலுக்கு நான் சரியான ஆள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஓய்வு பெற்றார். வயது 55. 2019-ல் அதே கல்லூரிக்கு முதல் தேசியப் பட்டத்தை வாங்கிக்கொடுத்தவர். அதற்கு முந்தைய ஆண்டு அவருக்கு நேர்ந்தது வேறு. தேசியப் போட்டியின் தரவரிசையில் எல்லோருக்கும் மேலே இருந்த அவருடைய அணி, முதல் ஆட்டத்திலேயே, யு.எம்.பி.சி. என்ற பால்டிமோர் பகுதிக் கல்லூரியிடம் 74-54 என்று தோற்றது. அணிகளை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பதினாறு வரை இடம் கொடுப்பார்கள். ஆண்கள் போட்டியில் முதல் இடத்து அணி ஒன்று கடைசியான பதினாறாம் இடத்து அணியிடம் தோற்றது அதுவே முதல் முறை.

அன்று யு.எம்.பி.சி.யின் பயிற்சியாளர் ரையன் ஓடம். விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவுக் கல்லூரியில் ஆடியவர். பல இடங்களில் உதவியாளர். இரண்டாம் பிரிவில் லெனாய்ர்-ரைன் என்ற கல்லூரியில் ஒரே ஓர் ஆண்டு தலைமை. பிறகு யு.எம்.பி.சி., யூட்டா ஸ்டேட், வி.சி.யு. அவர் அப்பா டேவ் ஓடமும் பயிற்சியாளர். 1980-களில் வர்ஜீனியாவில் உதவியாளராக இருந்தார். அப்போது அந்த அரங்கத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து எடுத்துக்கொடுத்த சிறுவர்களில் ரையனும் ஒருவர்.

2025 மார்ச்சில், பென்னெட் எழுந்து போன நாற்காலிக்கு வர்ஜீனியா அவரைத்தான் அழைத்தது.